நீலம் பாய்ந்த றொட்

பள்ளிமுனையில் மெசின் என்றால் இரண்டு வகை. ஒன்று வீட்டுக்குள் யன்னலோரம் நின்று தைக்கும். மற்றது படகின் பின்னால் தொங்கி ஓடும். எந்த மெசின் என்று யாரும் கேட்பதில்லை. சொல்பவர் ஆணா பெண்ணா என்று பார்த்தால் விளங்கிவிடும்.

பதினைந்து வருடங்களுக்கு முன்பு கோயில் அறிவித்தல் பலகையில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. 'மெசின் பயிற்சி. மூன்று மாதம். சான்றிதழ் வழங்கப்படும்.' அன்ரோனெற்றுக்கு அப்போது இருபத்தெட்டு வயது. கத்தரிக்கோல், அளவு நாடா, இரண்டு யார் நீளச் சீத்தைத் துணி எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு போனாள். மண்டபத்தில் பத்தொன்பது ஆண்கள் இருந்தார்கள். நடுவில் ஒரு மரச்சட்டம். அதில் மூடி கழற்றிய இருபத்தைந்து குதிரைவலு மெசின் ஒன்று தொங்கியது.

பயிற்றுநர் அவளுடைய பையைப் பார்த்தார்.

"தங்கச்சி, இது தையல் இல்லை."

"தையல் எண்டு தாளில எழுதேல்லையே. மெசின் எண்டுதானே கிடந்தது."

"படகு மெசின், பிள்ளை."

"அதுவும் மெசின்தானே?"

ஆண்கள் சிரித்தார்கள். "அந்தப் பிள்ளைக்கு ஒரு நூல்கட்டை குடுங்கோ ஐயா" என்றது ஒரு குரல். சிரிக்காமல் விட்டிருந்தால் அவள் வந்த வழியே திரும்பிப் போயிருப்பாள். சிரித்ததால் ஒரு கதிரையை முன்வரிசைக்கு இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

இரண்டாம் வாரம் பக்கிங் வெட்டப் பழக்கினார்கள். இரும்பும் இரும்பும் சேரும் இடத்தில் எண்ணெய் கசியாமல் வைக்கிற தடித்த கடதாசி அது. ஆண்கள் பிளேட்டால் வெட்டி ஓரங்களைப் பிய்த்தார்கள். அன்ரோனெற் கத்தரிக்கோலை வெளியே எடுத்தாள். சட்டைக் கழுத்து வெட்டிப் பழகிய கை. அவள் வெட்டிய பக்கிங்கைப் பயிற்றுநர் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்துவிட்டு மெசினில் பூட்டினார். அந்தக் கத்தரிக்கோல் இன்றைக்கும் அவளுடைய கடைக் கூரையைத் தாங்கும் மரக் கப்பில் ஒரு ஆணியில் தொங்குகிறது.

கடை என்றால் நான்கு கப்பும் ஒரு தகரக் கூரையும். மெசினை ஓட்டிப் பார்க்க ஒரு தண்ணீர்ப் பீப்பா. கடை திறந்த முதல் வருடமே ஒரு கதை கிளம்பியது. அன்ரோனெற் நல்ல சாமானைக் கழற்றி வைத்துக்கொண்டு பழசைப் பூட்டுகிறாளாம். மற்ற மெக்கானிக்குகளைப் பற்றியும் இதே கதை உண்டு. ஆனால் அவர்களைப் பற்றிக் கதைத்தவர்கள் அடுத்த நாளும் அவர்களிடமே போனார்கள்.

அவள் ஒரு வழக்கம் வைத்தாள். மெசின் திறக்கும்போது சொந்தக்காரர் பக்கத்தில் நிற்க வேண்டும். கழற்றுகிற ஒவ்வொரு பாகத்திலும் கூரான உருக்குக் கம்பியால் அவருடைய படகின் நம்பரைக் கீறுவாள். அவர் டோர்ச் பிடிக்க வேண்டும். கீறி முடிந்ததும் அந்த நம்பரைத் தன் வாயால் வாசிக்க வேண்டும்.

"இதென்ன பிள்ளை, ஞானஸ்நானமோ?" என்று முதலில் கேட்டவர் எமிலியானுஸ்.

"ஓம் அண்ணை. நீங்கள்தான் ஞானத்தகப்பன். மெழுகுதிரிக்குப் பதிலா டோர்ச். நேராப் பிடியுங்கோ."

அவர் சிரித்துக்கொண்டே பிடித்தார். அவருடைய படகு முன்னூற்றுப் பதினேழு. கரையில் அவருடைய சொல்லுக்கு ஒரு நிறை உண்டு. அவர் மெசினைக் கொண்டுவரத் தொடங்கிய பிறகுதான் மற்றவர்களும் வந்தார்கள். பதினொரு வருடம் அப்படியே போயிற்று.

பிறகு மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்ற வருடம் வந்தது. மண்ணெண்ணெய் ஒரு நாள் கிடைத்தால் ஒயில் கிடைக்காது. இந்த மெசின்களுக்கு ஒயிலைத் தனியாக ஊற்றுவதில்லை. எரிபொருளோடு கலந்துதான் ஊற்ற வேண்டும். ஒயில் குறைந்தால் உள்ளே இரும்பை இரும்பு தின்னும். எல்லாரும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார்கள். எமிலியானுஸ் நிறையக் குறைத்தார். தலைமன்னாருக்கு அப்பால் அவருடைய மெசின் இறுகி நின்றது. ஒரு பகலும் ஒரு இரவும் மிதந்தவரை வேறொரு படகு கட்டி இழுத்து வந்தது. கரையில் இறங்கும்போது அவருடைய உதடு வெடித்திருந்தது. ஒரு மாதத்துக்கு முன்பு அந்த மெசினைப் பூட்டியவள் அன்ரோனெற்.

அவரை வைத்துக்கொண்டே திறந்தாள். கீழ்ச் சிலிண்டரின் றொட், அதாவது பிஸ்ரனையும் கிராங்கையும் சேர்க்கிற உருக்குத் தண்டு, பெரிய முனைப் பக்கம் நீலமாகியிருந்தது. வெறும் நீலமில்லை. நடுவில் கருநீலம், அதைச் சுற்றி ஊதா, ஓரத்தில் வைக்கோல் மஞ்சள். ஒயில் இல்லாமல் ஓடிய றொட் மட்டும்தான் இந்த நிறத்துக்கு வரும். அதில் அவள் முன்பே கீறிய நம்பர் அப்படியே இருந்தது.

"அண்ணை, ஒயில் போடேல்லை."

"பூட்டினது நீ."

"நிறத்தைப் பாருங்கோ."

"நான் கடலில கிடந்து பாத்த நிறம் காணும்" என்றார் எமிலியானுஸ். மெசினை ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு டவுனுக்குப் போய்விட்டார். உடைந்த பாகங்கள் அவளுடைய வாளியில் கிடந்தன.

அன்று பின்னேரமே கரையில் ஒரு வசனம் ஓடியது. 'பொம்பிளை பூட்டின மெசின்.' மூன்று சொல். அதற்கு மேல் ஒருவரும் விளக்கம் கேட்கவில்லை. இரண்டு மாதத்துக்குள் கடைக்கு வருவது பக்கத்துக் கிராமமான கீரியிலிருந்து ஓரிரு மெசின்களும், பள்ளிக்கூடத்துத் தண்ணீர்ப் பம்பும் என்றாயிற்று.

பிரான்ஸிலிருக்கும் தம்பி மில்ரன் ஒரு நாள் போனுக்கு ஒரு வீடியோ அனுப்பினான். மைதானம் நிறையக் கார். எஞ்சினை மூடுகிற மூடியே இல்லாத கார்கள். கூரையை வெட்டிப் பதித்து, பின்சக்கரங்களைக் கொழுக்க வைத்து, உடம்பெல்லாம் நெருப்பு வரைந்திருந்தது. 'அக்கா, இதுதான் ஹொட் றொட்' என்று எழுதியிருந்தான்.

அன்ரோனெற் வீடியோவை நிறுத்தி ஒரு காரின் முகத்தைப் பெரிதாக்கினாள். முன்சக்கரங்கள் இரண்டையும் சேர்க்கிற அச்சு வெளியே தெரிந்தது. மறைப்பு எதுவுமில்லை. நடு மெல்லிசு, மேலும் கீழும் விளிம்பு. இந்த வடிவத்தை அவள் பதினைந்து வருடமாகக் கையில் பிடித்திருக்கிறாள். அது றொட். சூடான றொட். அதுதான் பெயர். நல்ல பெயர்தான் என்று நினைத்தாள். வாளியைக் கவிழ்த்து நீலம் பாய்ந்த றொட்டைத் தேடி எடுத்தாள். அதை முன்னச்சாக வைத்து ஒரு சின்னக் கார் செய்ய வேண்டும்.

அளவை றொட்டே தந்தது. போன் கண்ணாடியில் நகத்தை வைத்து அளந்தாள். முன்னச்சு ஒரு நகம் என்றால் கார் மூன்று நகமும் கொஞ்சமும். அப்படியென்றால் அவளுடைய கார் ஒரு முழம் வரும். பழைய சாமான் பெட்டி நிரம்பிக் கிடந்தது. வேலையில்லாத நாளும் நிரம்பிக் கிடந்தது.

உடம்புக்கு உடைந்த படகொன்றின் அணியத்திலிருந்து பைபர் வெட்டி எடுத்தாள். படகின் மூக்கு ஏற்கெனவே வளைந்திருப்பதால் காரின் மூக்கு சும்மா கிடைத்தது. பின்சக்கரத்துக்குக் கிராங்கின் பெரிய பெயரிங். அதைச் சுற்றி ஒயில் சீல் என்ற ரப்பர் வளையத்தை இறுக்கினால் ரயர். எஞ்சினுக்குக் காபரேற்றர் ஒன்றை நெடுக்காக அறுத்து, இரண்டு பக்கமும் நந்நான்கு பழைய பிளக்குகளைச் சரித்து நட்டாள். புகைக்குழாய்க்குச் செம்புக் குழாய், முன்வலைக்கு எண்ணெய் அரிக்கிற பித்தளை வடி, இருக்கைக்கு வலை மிதவையில் ஒரு துண்டு. மூன்று தரம் உடம்பைப் பிய்த்து மறுபடி செய்தாள். நெருப்பு வரைவதுதான் கஷ்டமாக இருந்தது. வீடியோவில் இருந்த நெருப்பு அவளுடைய கைக்கு வரவில்லை. கடைசியில் வீட்டுச் சுவரில் தொங்கிய திருஇருதயப் படத்தைக் கழற்றிக் கொண்டுவந்து, இருதயத்துக்கு மேலே எரிகிற சுவாலையைப் பார்த்து வரைந்தாள்.

றொட்டை மட்டும் தேய்க்கவில்லை. மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்ததோடு சரி. நீலம் உள்ள முகம் மேலே. நம்பர் கீறிய முகம் கீழே, நிலத்தைப் பார்த்து. முதல் நாளே அப்படித் தீர்மானித்தாள். நிறம் அவளுடையது, அது தெரிய வேண்டும். நம்பர் அவருடையது, அது தெரியத் தேவையில்லை.

ஒயில் சீல் வாங்கப் போனபோது டவுனில் ஸ்பெயார்ஸ் கடை வைத்திருக்கும் ரிஸ்கான் கேட்டான்.

"என்ன மெசினுக்கு அக்கா, இந்த அளவு?"

"காருக்கு." போனில் எடுத்த படத்தைக் காட்டினாள். "ஹொட் றொட்."

"ஹொட் றொட்டியா? சம்பலும் தருவீங்களா?"

"பகிடி விடாதை ரிஸ்கான். முன்னுக்குப் பார். றொட்."

ரிஸ்கான் பார்த்தான். முதலில் புருவம் உயர்ந்தது. பிறகு சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் மேசையைப் பிடித்துக்கொண்டான்.

"அக்கா, ஹொட் றொட் எண்டா எங்கட றொட் இல்லை. பழைய காரை வெட்டிக் கொத்தி வேகமா ஓட விடுறாங்களே, அந்தச் சாதிக் காருக்கு அவங்க வச்ச பேரு. அந்தக் கார்கள்ல இருக்கிறது வெறும் அச்சு."

அவள் படத்தை மறுபடி பார்த்தாள். காது சுட்டது. மண்டபத்தில் கத்தரிக்கோலோடு நின்ற நாளின் அதே சூடு.

"அப்ப அவங்கட காரில முன்னுக்கு றொட் இல்லையோ?"

"இல்லை."

"பேர் மட்டும் வைச்சிருக்கிறாங்கள்."

"ஓம்."

"என்ர காரில றொட் இருக்கு. சூடான றொட். அப்ப ஆற்றை கார் ஹொட் றொட்?"

ரிஸ்கான் யோசித்தான். "அக்காட" என்றான். சீல் வளையத்தைக் கடதாசியில் சுற்றும்போது றொட்டின் படத்தை இன்னொரு தரம் பார்த்தான். அவனுக்கும் அந்த நீலம் தெரியும். "அக்கா, திருநாள் கண்காட்சிக்கு வைக்கப் போறீங்க எண்டா இதை மாத்துங்க. புதுசு ஒண்டு கிடக்கு, கண்ணாடி மாதிரி. சும்மா கொண்டு போங்க. இதைப் பாத்தா ஆக்கள் கேப்பாங்க."

"கேக்கட்டுமெண்டுதானே வைக்கிறன்."

கண்காட்சி கோயிலுக்குப் பக்கத்து மண்டபத்தில், திருநாளுக்கு முந்திய மூன்று நாள். திருநாளுக்குக் கரை முழுவதும் வரும். அந்த மூன்று நாளும் கடலுக்குப் போகிறவர் குறைவு. பெயர்ப் பட்டியலோடு நின்ற ஆசிரியை நிறஞ்சலா அன்ரோனெற்றின் பெயரைத் தேடி, மகளிர் கைப்பணி என்று எழுதிய மேசையைக் காட்டினாள். ஓலைப்பெட்டிக்கும் பின்னல் விரிப்புக்கும் நடுவில் ஒரு சதுரம் ஒதுக்கியிருந்தது.

"நிறஞ்சலா, இது கைப்பணியோ?"

"கையாலதானே அன்ரோனெற் செய்தனீர்?"

"அந்தப் படகு மாதிரியள் காலாலயோ செய்தது?"

நிறஞ்சலா பேனையைக் கடித்தாள். எதிர்ப்பக்கத்தில் இயந்திரமும் படகும் என்ற மேசை இருந்தது. அதற்குப் பொறுப்பு எமிலியானுஸ். "அவரைக் கேட்டிட்டு" என்று அவள் தொடங்க முன்பே அன்ரோனெற் காரைத் தூக்கிக்கொண்டுபோய்ப் எமிலியானுஸ் செய்த பாய்மரப் படகைச் சற்றுத் தள்ளி, பக்கத்தில் வைத்தாள். மட்டையில் எழுதிய பெயரையும் சாத்தினாள். 'ஹொட் றொட்.'

ஆட்கள் சேர்ந்தார்கள். பெயரிங் சக்கரம் விரலால் தட்டினால் நிற்காமல் சுற்றும். தட்டித் தட்டிப் பார்த்தார்கள். பிளக்கை எண்ணினார்கள். "இது படகு மெசினின்ர சீல்", "இது பம்பு வாஷர்" என்று ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்தார்கள். ஒரு மணித்தியாலம் எட்ட நின்ற எமிலியானுஸ், கூட்டம் கலையாததால் கடைசியில் வந்தார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சேட். கூட்டம் விலகி வழி விட்டது.

"வேலைப்பாடு திறம்" என்றார். மூன்று வருடத்தில் அவர் அவளுடன் பேசிய முதல் சொல். "நெருப்பு என்ன, திருஇருதயத்தின்ர மாதிரிக் கிடக்கு."

"அதைப் பாத்துத்தான் கீறினது."

"ஆனா முன்னுக்கு ஏன் இந்தக் கறள் பிடிச்ச இரும்பு? மற்றதெல்லாம் மினுங்குது."

"கறள் இல்லை அண்ணை. சூடு."

"ஒரு பொலிஷ் அடிச்சிருக்கலாமே."

"துடைச்சுப் பாருங்கோ."

எமிலியானுஸ் பெருவிரலால் துடைத்தார். நீலம் போகவில்லை. இன்னும் நன்றாகத் தெரிந்தது. சுற்றி நின்றவர்கள் குனிந்தார்கள். அந்த நிறம் தெரியாதவர் அங்கே ஒருவருமில்லை.

"ஒயில் இல்லாமல் ஓடின றொட்" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

"ஆற்றையோ, பாவம்."

எமிலியானுஸின் பெருவிரல் றொட்டிலேயே நின்றது. அது எங்கிருந்து வந்தது என்பது அந்த நேரம்தான் அவருக்கு உறைத்தது.

"இதைக் கழட்டிப்போட்டு வை" என்றார் மெதுவாக.

"கழட்டினா கார் மூக்குக் குத்தி விழும்."

"அப்ப காரை எடு. மெசினைப் பழுதாக்கின ஆளுக்கு மெசின் மேசையில என்ன வேலை?"

 பொம்பிளை பூட்டின மெசின் என்ற பழி இதுவரை அவளுடைய முதுகுக்குப் பின்னால்தான் ஓடியிருந்தது. முகத்துக்கு நேரே சொன்னது இதுதான் முதல் தரம்.

"பழுதாக்கினது ஆரெண்டு உந்த நிறம் சொல்லுது அண்ணை."

"நிறம் சொல்லும்! ஆயிரம் மெசினில ஆயிரம் றொட். உது ஆற்றையெண்டு ஆர் கண்டது? பேர் எழுதிக்கிடக்கோ?"

அவர் வழக்கத்தை மறந்துவிட்டார். டோர்ச் பிடித்த கை, நம்பரை வாசித்த வாய், இரண்டும் மறந்துவிட்டன. இல்லாவிட்டால் இப்படி ஒரு கேள்வி கேட்டிருக்கமாட்டார்.  அன்ரோனெற் மேசைக்குக் கிட்ட நின்றவரைப் பார்த்தாள். அலெக்ஸாண்டர், எமிலியானுஸுக்கு மருமகன் முறை. முன்பு அவளிடம் மெசின் கொண்டுவந்து, பிறகு நிறுத்தியவர்களில் ஒருவர்.

"அலெக்ஸாண்டர், காரைக் கவிட்டு அச்சின்ர அடியைப் பாருங்கோ. கிடக்கிறதை வாசியுங்கோ."

அலெக்ஸாண்டர் காரைத் தூக்கிக் கவிழ்த்தார். பார்த்தார். ஒரு நம்பரை வாசிக்க அவ்வளவு நேரம் தேவையில்லை. மாமனைப் பார்த்தார். காரை நிமிர்த்தி மேசையில் வைத்தார்.

"ஒண்டும் விளங்கேல்லை" என்றார். "வெறுங் கீறல்."

"பாத்தியோ" என்றார் எமிலியானுஸ்.

அன்ரோனெற் இரண்டு கையாலும் காரை எடுத்தாள். கவிழ்த்தாள். கூரை மேசையில் பட, நெருப்பு தலைகீழாக, நான்கு சக்கரமும் மேலே பார்க்க அப்படியே வைத்தாள். மண்டப விளக்கு நேரே றொட்டில் விழுந்தது. மூன்று. ஒன்று. ஏழு.

ஒருவரும் வாசிக்கவில்லை. வாசிக்கத் தேவையிருக்கவில்லை. அந்த நம்பர் கரையில் ஒரு படகின் நெற்றியில் சிவப்பு மையில் ஓர் அடி உயரத்துக்கு எழுதியிருக்கிறது.

கொஞ்ச நேரத்தில் எமிலியானுஸ் குரலைத் தாழ்த்தினார். "சரி பிள்ளை. நிமித்தி வை. காரை எடுக்கச் சொல்லி நான் சொல்லேல்லை. நிக்கட்டும்."

"இல்லை அண்ணை. இப்பிடியே கிடக்கட்டும்."

"கண்காட்சி மூண்டு நாளும் கார் கவிண்டு கிடக்கவோ? ஆக்கள் என்ன சொல்லுவினம்?"

"நீங்கள் சொன்னதை நான் மூண்டு வருசமாக் கேட்டுக்கொண்டிருக்கிறன். இது மூண்டு நாள்தானே."

கார் மூன்று நாளும் கவிழ்ந்தே கிடந்தது. வருகிறவர்கள் "ஏன் கவிண்டு கிடக்கு?" என்று கேட்டார்கள்.  கேட்டவர்கள் குனிந்தார்கள், பார்த்தார்கள், நிமிர்ந்தார்கள். போகும்போது ஒரு சக்கரத்தைத் தட்டிவிட்டுப் போனார்கள். ஏதாவது ஒரு சக்கரம் எந்த நேரமும் சுற்றிக்கொண்டிருந்தது. இரண்டாம் நாள் அந்த மேசைக்கு எமிலியானுஸ் வரவில்லை. மூன்றாம் நாள் வந்து தன் பாய்மரப் படகை எடுத்துக்கொண்டு போனார். பரிசுப் பட்டியலில் அவளுடைய பெயருக்கு நேரே 'முறையாகக் காட்சிப்படுத்தப்படவில்லை' என்று எழுதியிருந்தது. நிறஞ்சலா அதைச் சங்கடத்தோடு காட்டினாள். அன்ரோனெற் அந்தத் தாளைக் கேட்டு வாங்கி, கடைக் கப்பில் கத்தரிக்கோலுக்குப் பக்கத்தில் குத்தினாள்.

திருநாள் முடிந்த திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு அலெக்ஸாண்டர் வந்தார். மெசின் தோளில் இருந்தது. வெயில் ஏறிவிட்டது, கரையில் வலையைச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் பார்க்கக்கூடிய நேரம். மெசினைச் சட்டத்தில் மாட்டிவிட்டு நின்றார்.

"ஸ்ராட் எடுக்குது, பிறகு நிக்குது" என்றார். "ஒயில் சரியாத்தான் விடுறனான்."

"நான் கேக்கேல்லையே."

"அண்டைக்கு மண்டபத்தில..."

"டோர்ச்சைப் பிடியுங்கோ."

டோர்ச்சை எடுத்துக் கொடுத்தாள். அவர் பிடித்தார். மூடியைக் கழற்றினாள். முதல் பாகத்தை வெளியே எடுத்துத் துடைத்து, உருக்குக் கம்பியால் கீறினாள். இரும்புத் தூளை ஊதிவிட்டு அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"வாசியுங்கோ."

"இருநூத்தி நாலு."

"எனக்குக் கேக்கேல்லை."

அலெக்ஸாண்டர் கரைப் பக்கம் ஒரு தரம் பார்த்தார். வலை சிக்கெடுத்த கைகள் நின்றிருந்தன.

"இருநூத்தி நாலு!" என்றார்.

"ஓம்" என்றாள் அன்ரோனெற். "இப்ப விளங்குது." அடுத்த பாகத்தைக் கழற்றத் தொடங்கினாள்.